நீலகிரியில் வி.ஈ.பி. (கண் நரம்புப் பாதைச் சோதனை), பெரா (காது நரம்புப் பாதைச் சோதனை) எங்கே செய்கிறார்கள்?

கோத்தகிரி தோட்டத் தொழிலாளர்களில், 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) பாதத்தில் படுவதே தெரியாத சர்க்கரை நோயாளிகளுக்குக் கண், காது நரம்புப் பாதையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. விழித்திரை நன்றாக இருந்தாலும், வி.ஈ.பி.யில் 100 மில்லிசெகண்ட் வாக்கில் வரவேண்டிய பி100 என்ற மூளை அலை தாமதமாகலாம். பெராவில் ஐந்தாம் அலையும் அப்படித்தான். சாதாரண செவித்திறன் சோதனையில் இது தப்பிவிடும்.

இரண்டு கருவியும் ஊட்டி, குன்னூரில் எங்காவது இருக்கிறதா? கோவைக்கு இறங்கினால் ஒருநாள் கூலி போய்விடும், வரவே மாட்டார்கள்.

கால் நரம்புச் சோதனையும் அங்கே உண்டென்றால், பாதத்தை 32 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு எடுக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். இந்தக் குளிரில் சில்லிட்ட கால், நல்ல நரம்பையும் மந்தமாகக் காட்டும். (வெந்நீர்ப் பை மட்டும் வேண்டாம், மரத்த கால் வெந்துபோகும்.) கண்ணில் சொட்டு மருந்து விடாத நாளில், தலையில் எண்ணெய் இல்லாமல், மூக்குக்கண்ணாடியோடு அனுப்பிவைக்கிறோம். கட்டணமும் தெரிந்தால் போடுங்கள்.