மேற்கத்திய மறைஞான நூல்களுக்கு இணையவழி வாசிப்பு வட்டம்: எதில் தொடங்குவது, எப்படி நடத்துவது?

வாசிப்புமேசை:

வணக்கம். ஹெர்மெட்டிக் நூல்கள் (ஹெர்மீஸ் என்ற ஞானியின் பெயரில் வழங்குபவை), ஐரோப்பிய ரசவாதம், ரோஸிக்ரூசியர்கள் (17ஆம் நூற்றாண்டில் பேசப்பட்ட ரகசியச் சங்கத்தார்), கிறிஸ்தவ கபாலா (யூத மறைஞானத்தின் கிறிஸ்தவ வடிவம்) ஆகியவற்றைச் சேர்ந்து படிக்க ஓர் இணையவழி வாசிப்பு வட்டம் தொடங்கப்போகிறேன். இருபது பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று ஆளுக்கோர் ஊர். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுத் தமிழில் பேசுவதாக ஏற்பாடு.

முதலில் ஆய்வாளர் எழுதிய அறிமுக நூலா, நேரே மூலநூலா? மூலநூல் என்றால் எந்த மொழிபெயர்ப்பு? ஓர் அமர்வுக்கு எவ்வளவு படிக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடலாம்? இன்னொன்று: பெயர் கொடுத்தவர்களில் சிலர் வரலாற்று ஆர்வத்தில் வருகிறார்கள், சிலர் டாரட் சீட்டு, சடங்கு என்று செய்முறையில் இருப்பவர்கள். இரு தரப்பையும் ஒரே கூட்டத்தில் வைத்து நடத்த முடியுமா? கட்டணம் வாங்கப்போவதில்லை. அதனால் செலவும் இருக்கக்கூடாது.

அடிக்குறிப்பு:

நேரே மூலநூலுக்குப் போங்கள். அறிமுக நூலில் தொடங்கினால் வரையறைகளைப் பேசியே மூன்று மாதம் ஓடிவிடும். பிறகு மூலத்தைத் தொட யாருக்கும் தெம்பிருக்காது. அறிமுக நூலை ஒருங்கிணைப்பவர் மட்டும் படித்து வைத்துக்கொள்ளட்டும். இத்துறை ஆய்வாளர் ஹானெக்ராஃப் 2013இல் வெளியிட்ட சிறிய அறிமுகம் அதற்குப் போதும்.

முதல் நூல் 'கார்ப்பஸ் ஹெர்மெட்டிக்கம்', ஹெர்மீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க உரைகளின் தொகுப்பு. அதன் முதல் உரையான 'பொய்மாண்ட்ரீஸ்' மொத்தமே 32 சிறு பத்திகள்தான். பின்னால் நீங்கள் படிக்கப்போகும் ஃபிச்சீனோ, பீக்கோ, அக்ரிப்பா, புரூனோ போன்ற மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் எல்லாரும் இதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். கூட்டம் தொடங்குமுன் எல்லாருக்கும் இரண்டு ஆண்டுகளைச் சொல்லிவிடுங்கள். 1463இல் ஃபிளாரன்ஸின் செல்வாக்குமிக்க செல்வர் கோசிமோ டி மெடிச்சியின் விருப்பப்படி, பிளேட்டோவைக்கூட ஒத்திவைத்துவிட்டு ஃபிச்சீனோ இதை லத்தீனில் பெயர்த்தார். மோசேயின் காலத்தை ஒட்டி வாழ்ந்த எகிப்திய ஞானியின் வாக்கு என்று அன்று நம்பினார்கள். 1614இல் மொழியறிஞர் ஐசக் காஸபோன் கிரேக்க நடையையும் சொல்லாட்சியையும் ஆராய்ந்து, இது கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று காட்டினார். இந்த இரண்டும் தெரிந்திருந்தால் 'இது எவ்வளவு பழையது' என்ற சண்டையில் முதல் அமர்வு வீணாகாது.

மொழிபெயர்ப்பில்தான் பல வட்டங்கள் முட்டிக்கொள்கின்றன. 1992இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட கோப்பன்ஹேவரின் பதிப்பு நம்பகமானது. குறிப்புகள் மூலத்தைவிட நீளம். வாங்க முடியாதவர்களுக்கு மீட் 1906இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது இருக்கிறது. உரைகள் இரண்டாம் தொகுதியில் உள்ளன. இண்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கும். மீட், பிரம்மஞான சபையை (தியோசஃபி) நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியின் செயலாளராக இருந்தவர். அடையாறைத் தலைமையகமாகக் கொண்ட அந்தச் சபையிலிருந்து 1909இல் விலகினார். அவருடைய முன்னுரைகளில் தியோசஃபி வாடை வீசும். மொழிபெயர்ப்பு பரவாயில்லை, நடை மட்டும் பழையது.

உறுப்பினர் ஒருவர் எவரார்டின் 1650 ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தால் எண்கள் குழம்பும். அதில் 'பொய்மாண்ட்ரீஸ்' இரண்டாம் புத்தகம். மறுபிறப்பைப் பற்றிய 13ஆம் உரை ஏழாம் புத்தகம். மீட் பதிப்பில் இரண்டாம் உரை தொடங்கி அடைப்புக்குறிக்குள் இன்னோர் எண்ணும் இருக்கும். வால்டர் ஸ்காட்டின் 1924 பதிப்பை வட்டத்துக்கு வைக்கவே வேண்டாம். மூலத்தின் வாக்கியங்களைத் தன் ஊகப்படி இடம் மாற்றிவிட்டார். அறிவிப்பில் 'உரை எண், தலைப்பு, பத்தி எண்' மூன்றையும் போடுங்கள். பக்க எண் போடவே கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு அமர்வுகள்: முதல் உரையில் 1 முதல் 19 வரை, அதிலேயே 20 முதல் 32 வரை, பிறகு 4ஆம், 7ஆம் உரைகள் சேர்த்து, இரண்டும் சிறியவை, பிறகு 11, பிறகு 13, கடைசியில் ஹெர்மீஸ் பெயரிலேயே உள்ள தனி நூலான 'அஸ்கிளீப்பியஸ்' நூலில் 23 முதல் 29 வரையும் 37, 38உம். அஸ்கிளீப்பியஸ் முழுதாக லத்தீனில் மட்டுமே பிழைத்தது. அதன் ஒரு பகுதி 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் கிடைத்த காப்டிக் மொழி ஏடுகளிலும் இருக்கிறது.

இரண்டாம் அமர்வில் 25ஆம் பத்தியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். உயிர் மேலேறும்போது ஏழு மண்டலங்களிலும் ஒவ்வொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. முதலாவதில் வளர்வதும் தேய்வதுமான ஆற்றல், இரண்டாவதில் சூழ்ச்சி, மூன்றாவதில் ஆசையின் மயக்கம், நான்காவதில் அதிகாரச் செருக்கு, ஐந்தாவதில் துடுக்கான துணிச்சல், ஆறாவதில் பணத்தாசை, ஏழாவதில் பதுங்கியிருக்கும் பொய். எந்த மண்டலம் எந்தக் கோளுக்கு உரியது என்று அந்தப் பத்தி பெயர் சொல்வதில்லை. சந்திரனில் தொடங்கிப் புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி என்ற பழைய வரிசையை உறுப்பினர்களே பொருத்திப் பார்க்கட்டும். சந்திரனும் செவ்வாயும் உடனே பொருந்தும். வியாழனிடம் வந்ததும் நம் ஜோதிடம் தெரிந்தவர் யாராவது 'தனகாரகன்' என்பார். கிரேக்க ஜோதிடத்துக்கும் இந்திய ஜோதிடத்துக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதால் அது வெறும் தற்செயல் இல்லை. இந்த ஒரு பத்திக்கே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

இரவுவிளக்கு:

நூல் தேர்வு சரி. நடத்தும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன்.

இருபது பேர் பெயர் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள் என்று கணக்கு வையுங்கள். பேச்சு ஓட ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். பதினைந்தைத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு அறைகளாகப் பிரியுங்கள்.

உங்கள் ஊர்ப் பட்டியலுக்கு சனிக்கிழமை இந்திய நேரம் இரவு 7.30 பொருந்தும். கொழும்புக்கும் அதே நேரம். சிங்கப்பூரில் இரவு 10. லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2, கோடையில் 3. டொரண்டோவில் காலை 9 அல்லது 10. சிக்கல் மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் வரும். கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறார்கள், பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. இலையுதிர் காலத்தில் பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில்தான் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து யாரையும் காணாமல் போய்விடுவார்கள். நேரத்தைக் குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பாமல், கூகுள் காலண்டரில் கொல்கத்தா நேரம் என்று வைத்து அழைப்பு அனுப்புங்கள். அவரவர் கைபேசியில் அவரவர் ஊர் நேரம் காட்டும்.

அமர்வு 90 நிமிடம். இலவச ஜூமில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிடம். புது இணைப்பில் திரும்ப வரச் சொன்னால் நாலைந்து பேர் திரும்ப மாட்டார்கள்; அந்தச் சமயத்தில்தான் பேச்சும் சூடுபிடித்திருக்கும். டிஸ்கார்டு குரல் அறையில் நேர வரம்பு இல்லை. ஒவ்வோர் உரைக்கும் தனி இழை திறந்துவைத்தால் வாரம் முழுக்கக் கேள்வி போடலாம். பெரியவர்களுக்கு டிஸ்கார்டு புதிதாக இருக்கும். அவர்களுக்கு முதல் அமர்வுக்கு முன் ஒரு நாள் 20 நிமிடம் ஒதுக்கி, நுழைவது, மைக்கை அடைப்பது இரண்டையும் காட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்து, அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே இணைப்பு காணாமல் போகும்.

முதல் பத்து நிமிடம் பின்னணி. அடுத்த ஒரு மணி நேரம் உரக்க வாசிப்பு: ஒருவர் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்க, அடுத்தவர் அதன் பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும். படிக்காமல் வந்தவரும் இதில் கலந்துகொள்ள முடியும். படித்தும் புரியாத இடம் உடனே வெளியே வந்துவிடும். மீதி இருபது நிமிடம் பொது விவாதம். யாரும் ஒரே மூச்சில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடுவில் கொண்டுவந்தால் யாரையோ குறிவைத்ததாக ஆகிவிடும்.

கேள்விகளை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள், மூன்று போதும். 'இந்த உரை எப்படி இருந்தது' என்று கேட்டால் 'அருமை' என்ற பதிலோடு முடிந்துவிடும். 'முதல் உரையின் 14ஆம் பத்தியில் மனிதன் நீரில் கண்டது யாருடைய உருவம்? முதலில் மயங்கியது அவனா, இயற்கையா?' என்று கேளுங்கள். எல்லாரும் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

குழுவில் பிடிஎஃப் போடும் பழக்கத்தையும் முதலிலேயே ஒழுங்குபடுத்துங்கள். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு; மொழிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்பாளரை வைத்து அதே கணக்குதான். மீட் 1933இல் இறந்தார், அவர் நூலைத் தாராளமாகப் பகிரலாம். கோப்பன்ஹேவரின் பதிப்பைக் குழுவில் ஏற்றாதீர்கள். விவாதத்துக்கு வேண்டிய சில வரிகளைத் திரையில் காட்டினால் போதும்.

வாசிப்புமேசை:

இருவருக்கும் மிக்க நன்றி. பத்தி எண் விஷயம் தெரியாமலிருந்தால் முதல் நாளே தடுமாறியிருப்போம். பெயர் கொடுத்தவர்களில் பலர் 'கிபாலியன்' படிக்கலாம் என்கிறார்கள். வேறு சிலர் எதைச் சொன்னாலும் 'இதைச் சித்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்' என்கிறார்கள். செய்முறைக்காரர்களை என்ன செய்வது என்பதும் அப்படியே நிற்கிறது.

நாட்குறிமுனை:

மூன்றுக்கும் ஒரே விதி போதும்: எதைச் சொன்னாலும் யார், எப்போது, எந்த நூலில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் 'தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன்' என்று சொல்லலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

கிபாலியன் 1908இல் சிகாகோவில் 'மூன்று தீட்சிதர்கள்' என்ற புனைபெயரில் வெளியானது. எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 'யோகி ராமசரக' என்ற பெயரில் யோக நூல்கள் எழுதிய அமெரிக்கரும் அவரேதான். அதிலுள்ள ஏழு விதிகள் மன ஆற்றலை வலியுறுத்திய அக்கால அமெரிக்கப் 'புதுச் சிந்தனை' இயக்கத்தின் குரலில் பேசுபவை. அதைப் பழைய எகிப்திய நூலாக அறிமுகம் செய்யாதீர்கள். கார்ப்பஸ் முடிந்தபின் ஏழாவது அமர்வாக வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, 13ஆம் உரையில் பன்னிரண்டு வதைப்போரை (தீய குணங்களை) பத்து ஆற்றல்கள் விரட்டுவது போன்ற இடம் கிபாலியனில் ஏன் இல்லை என்று உறுப்பினர்களே கேட்பார்கள்.

சித்தர் ஒப்பீட்டைத் தடுக்காதீர்கள். கடைசி பத்து நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள், ஆனால் பாடலைக் கொண்டுவர வேண்டும். 'திருமூலர் சொல்லியிருக்கிறார்' என்றால் போதாது. எத்தனையாவது மந்திரம் என்று சொல்லி நாலு வரியையும் வாசிக்க வேண்டும். அஸ்கிளீப்பியஸில் மனிதர்கள் சிலைகளில் தெய்வங்களை இருத்துவதைப் பற்றிய பகுதி வரும்போது பிராணப் பிரதிஷ்டையைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஆவல் எழும். ஆகமம் தெரிந்தவர் ஒருவரை அன்று அழையுங்கள். உண்மையான ஒற்றுமை எங்கே, வேற்றுமை எங்கே என்று தெளிவாகும்.

செய்முறைக்காரர்கள் இல்லாவிட்டால் வட்டத்துக்கே நஷ்டம். உதாரணத்துக்கு டாரட். 22 பெரிய சீட்டுகளையும் 22 எபிரேய எழுத்துகளையும் இணைக்கும் கருத்து 1781இல் பாரிஸில்தான் அச்சேறியது. சீட்டுகளோ 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய விளையாட்டு. 'முட்டாள்' சீட்டை 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மறைஞானி எலிபாஸ் லேவி கடைசிக்கு முந்தைய இடத்தில் ஷின் எழுத்தோடு வைத்தார். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கம் அதை முதலில் ஆலெஃப் எழுத்தோடு வைத்தது. ஓரிடம் மாறியதும் கடைசிச் சீட்டைத் தவிர மற்றச் சீட்டுகளும் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். கையில் சீட்டோடு பழகியவர்தான் இதை ஐந்து நிமிடத்தில் விளக்குவார்.

அவர்களுக்கான வரம்பை எழுதிக் குழுவின் மேலே நிலைநிறுத்தி வையுங்கள். கூட்டத்தில் சடங்கு நடத்தக்கூடாது. தீட்சை, குறி சொல்லல், நோய் தீர்த்தல் எதையும் காசுக்கோ இலவசமாகவோ முன்வைக்கக்கூடாது. உறுப்பினர்களுக்குத் தனிச் செய்தி அனுப்பி ஆள் பிடிக்கக்கூடாது. கடைசியில் சொன்னதை மீறினால் எச்சரிக்கை வேண்டாம், நேராக நீக்குங்கள். மன உளைச்சலில் இருப்பவரைத்தான் அப்படி வருபவர்கள் முதலில் தேடிப் பிடிப்பார்கள். ரகசிய உலக ஆட்சி, யூத வெறுப்புப் பேச்சுகளுக்கும் இடமே கூடாது. இலுமினாட்டி என்று யாராவது தொடங்கினால், 1776இல் பவேரியாவில் தொடங்கிப் பத்தாண்டுக்குள் அரசு தடைசெய்த சங்கம் அது என்ற விவரத்தைச் சொல்லிவிட்டு நூலுக்குத் திரும்புங்கள்.

எண்கட்டம்:

முதல் நூலில் எனக்கு வேறு கருத்து. கதை பிடித்தவர்கள் அதிகம் என்றால் 1616இல் ஸ்ட்ராஸ்பர்கில் வெளியான ரோஸிக்ரூசியக் கதையான 'ரசவாதத் திருமணம்' நல்ல தொடக்கம். ஈஸ்டருக்கு முந்தைய மாலையில் தொடங்கி ஏழு நாட்களாகப் பிரிந்திருக்கிறது. நாளுக்கோர் அமர்வு என்று நூலே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மூன்றாம் நாள் விருந்தினர்களைத் தராசில் நிறுக்கிறார்கள். நான்காம் நாள் அரச குடும்பத்தினர் தலை வெட்டப்படுகிறது. ஆறாம் நாள் கோபுரத்தில் தளம் தளமாக ஏறி உயிர்ப்பிக்கும் வேலை. 1690இல் வந்த ஃபாக்ஸ்கிராஃப்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசம். அதற்கு முன் 1614இல் வந்த ரோஸிக்ரூசியர்களின் முதல் அறிக்கையான 'ஃபாமா'வை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள், சின்ன நூல்.

இரண்டாம் ஆண்டில் அக்ரிப்பாவின் மூன்று நூல்கள் கொண்ட 'மறைஞானத் தத்துவம்' படிக்கப் போனால் ஒரு விஷயத்தில் கவனம். 1651 ஆங்கிலப் பதிப்பில் கோள்களுக்கான எண் கட்டங்களில் பிழைகள் உண்டு, இணையத்தில் சுற்றும் நகல்களிலும் அவை அப்படியே தொடர்கின்றன. இரண்டாம் நூல் 22ஆம் அத்தியாயம். கட்டங்களைத் திரையில் காட்டுமுன் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் நிரலும் மூலைவிட்டமும் சனிக்கு 15, வியாழனுக்கு 34, செவ்வாய்க்கு 65, சூரியனுக்கு 111, வெள்ளிக்கு 175, புதனுக்கு 260, சந்திரனுக்கு 369 வர வேண்டும். ஒரு வரிசையும் ஒரு நிரலும் மட்டும் தவறினால், அவை இரண்டும் வெட்டும் கட்டத்தில்தான் பிழை இருக்கும்.