புதுப்பிப்பு: செங்கோட்டை வீட்டுச் சுவரில் பெயிண்ட் உரிந்தது சரியாகிவிட்டது

பூர்வீக வீட்டுக் கூடத்தில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிகிறது, பிவிசி பேனல் அடித்து மறைக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

'பழைய காரைச் (சுண்ணாம்புப் பூச்சு) சுவர், ஈரம் வெளியேற வழி விடுங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. புனலூரிலிருந்து வந்த டெக்கரேட்டரும் அதையே சொன்னார். புட்டி, எமல்ஷன் எல்லாவற்றையும் காரை தெரியும்வரை சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, சலித்த சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மூன்று கோட்டு அடித்தோம். சாரல் சீசன் முழுக்கத் தாங்கிவிட்டது. குளியலறைப் பக்கம் மட்டும் கறை திரும்பியது. அது பைப் கசிவு, பிளம்பர் பார்த்தார்.

எதிர்பாராதது: காவி கலந்த சுண்ணாம்பு ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுத்துவிடும். ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பார்த்தபின் நிறத்தை முடிவு செய்யுங்கள். சாய்ந்தால் சட்டையில் ஒட்டவும் செய்கிறது. அதற்கு டெக்கரேட்டர் திண்ணையோரம் பத்தமடைப் பாயை மாட்டிவிட்டார். அம்மாவுக்கு இன்னும் அரைமனசுதான்.