மறு: கலரிசம் – நிற ஓரவஞ்சனை என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கலரிசம் (colorism), அதாவது ஒரே இனத்துக்குள்ளேயே தோல் நிறம் பார்த்து ஆளுக்கொரு விதமாக நடத்துவது, இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில் நிறவெறி, நிறவாதம், நிறப்பாகுபாடு ஆகியவை உள்ளன. நான் நிற ஓரவஞ்சனை என்று சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> நிறவெறி என்றே இருக்கட்டுமே. புழக்கத்தில் உள்ள சொல்தானே?

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறவெறி என்றதும் நினைவுக்கு வருவது தென்னாப்பிரிக்காவும் மண்டேலாவும்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் கலந்துரையாடலுக்கு வருகிறவர்கள் பழைய தோட்டத்துக் குடும்பங்களின் பெண்கள். பாட்டி, அம்மா, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து படிக்கும் மகள் என மூன்று தலைமுறையும் ஒரே பாயில் உட்காரும். அங்கே பலகையில் நிறவெறி என்று எழுதினால், "அது வெள்ளைக்காரன் செஞ்சது, நம்ம வீட்ல ஏதும்மா வெறி?" என்று பாட்டி முடித்துவிடுவார். பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஆனால் பேத்தி பிறந்த அன்றே காது மடலைப் பார்த்து நிறம் கணித்தவரும், "கறுப்புன்னாலும் களையா இருக்கா" என்று ஊரைச் சமாதானப்படுத்தியவரும் அவர்தான். அந்த "ஆனாலும்"தான் நாம் பேச வேண்டிய விஷயம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1983-ல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில், ஒரே இனத்தார் தமக்குள் நிறத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தாழ்த்துவதையும் இன்னொருவருக்குச் சலுகை காட்டுவதையும் சேர்த்தே கலரிசம் என்றார். சலுகையும் அதில் உண்டு என்பதை நம் பட்டியலில் உள்ள சொற்கள் விட்டுவிடுகின்றன. நிறவாதம் என்றால் யாரோ வாதாடி நிறுவிய கொள்கை போல ஒலிக்கிறது. இதற்காக யாரும் வாதாடுவதில்லை. அக்காவுக்கு மஞ்சள் பாவாடை, தங்கைக்கு "உனக்கு அது எடுக்காதுடி", அவ்வளவுதான் நடக்கிறது.

அதனால்தான் நிற ஓரவஞ்சனை என்கிறேன். ஒரு பிள்ளைக்கு அள்ளி வைத்து மற்றொன்றுக்குக் கிள்ளி வைப்பதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் சொல் இது. சலுகையும் தாழ்வும் இரண்டும் இதில் அடங்கும்.

> வஞ்சனை என்றால் பெற்றவளையே குற்றம் சாட்டுவது ஆகாதா?

ஆகாது, அம்மா. ஓரவஞ்சனையில் அந்தக் கூர்மை இல்லை. "நான் யாருக்கும் ஓரவஞ்சனை பாக்கல" என்று தாய்மாரே சொல்கிறார்கள். நிறவோரம், நிறவஞ்சனை என்று சுருக்கச் சிலர் சொன்னார்கள். முன்னது விளிம்பு என்று படுகிறது, பின்னது மோசடி என்று. முழுச் சொல்லே இருக்கட்டும். நிறப்பாகுபாட்டைவிட ஓர் எழுத்துதான் கூடுதல்.

நிறப்பாகுபாட்டை நான் ஒதுக்கவில்லை. சட்டம், வேலை பற்றிப் பேசும்போது அதுதான் பொருத்தம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், மரபு, பிறப்பிடம், பாலினம் என்று அடுக்குகிறது. நிறம் அதில் இல்லை. 1948-ஆம் ஆண்டு உலக மனித உரிமை அறிவிப்போ இனத்தையும் நிறத்தையும் தனித்தனியே சொல்கிறது. அந்த வேறுபாட்டைத் தமிழிலும் காப்பாற்ற வேண்டும்.

கூட்டம் நடத்தப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "யாரை என்ன சொல்லிக் கேலி செய்தார்கள்?" என்று தொடங்காதீர்கள். இருப்பதில் அதிகக் கறுப்பான பிள்ளையின் பக்கம் எல்லாக் கண்களும் திரும்பும்; அவள் அடுத்த வாரம் வரமாட்டாள். ஒரு மணமகள் தேவை விளம்பரத்தையோ முகக் கிரீம் டப்பாவையோ நடுவில் வையுங்கள். 1975-ல் இந்தியாவில் வந்த ஒரு கிரீம் 2020-ல்தான் தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்பதை எடுத்தது என்று சொன்னாலே பேச்சு தானாக ஓடும். சில வெளுப்புக் கிரீம்களில் கலக்கும் பாதரசத்தைப் பற்றியும் பேசாமல் விட்டுவிடாதீர்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுத்துத் தோலை வெளுக்கவைக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது கலந்த கிரீம்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது அறிவித்துத் தடை செய்கிறது. பாசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் முத்திரை இல்லாத டப்பாவை வாங்கும் பெண்ணிடம் அழகைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் இதைச் சொல்லுங்கள்.

இனி ஒரு சிக்கல் பாக்கி. தன் நிறத்தைத் தானே வெறுப்பதற்கு "அகப்பட்ட நிற ஓரவஞ்சனை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அகப்பட்ட என்றால் மாட்டிக்கொண்ட என்று பொருள்படும். "உள்வாங்கிய நிற ஓரவஞ்சனை" என்று வைக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் அடுத்த கூட்டத்துக்குமுன் எழுதுங்கள், பலகையில் அதையே எழுதுகிறேன்.