பழைய கணினியில் அஞ்சல் வழங்கி (மெயில் சர்வர்): ‘ஸ்மார்ட்ஹோஸ்ட்’டுக்குத் தமிழில் என்ன?

> ‘திறன் வழங்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே? திறன்பேசி மாதிரி.

வேண்டாம் அண்ணே. திறன்பேசி நிலைத்துவிட்டது, சரி, ஆனால் ஸ்மார்ட்ஹோஸ்ட் என்கிற இந்த இயந்திரம் செய்யும் வேலையில் திறன் என்று ஒன்றும் இல்லை. நம் மடலை வாங்கி நமக்குப் பதிலாக வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் தூங்கும் பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸைப் போட்டு, மடலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மடலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் நிறுவினால் ஒரு குடும்பத்தின் மின்னஞ்சலை அது அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். (வைரஸ் தேடும் கிளாம்ஏவி மட்டும் ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் தின்னும். அப்புறம், நம்மூர் வெக்கையில் பழைய பேட்டரி உப்பும், கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.) வருகிற அஞ்சலிலும் பெரிய கவலை இல்லை: கணினி ஒரு நாள் படுத்துவிட்டாலும் எதிர்முனை வழங்கி மடலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும், பொதுவாக 4, 5 நாளாவது விடாமல் முயலவேண்டும் என்றுதான் மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 5321 சொல்கிறது.

சிக்கல் அனுப்புவதில்தான். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும், நம் பெயரில் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு (ஐபி முகவரிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு) கிடைப்பது அரிது, குப்பை மடல்களைத் தடுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக மடல் அனுப்பக்கூடாத முகவரிகளின் பட்டியல்) இத்தகைய முகவரிகள் மொத்த மொத்தமாக இருக்கின்றன, போதாக்குறைக்கு இணையச் சேவை தருபவர்கள் பலர், வழங்கிகள் தங்களுக்குள் மடல் பரிமாறும் 25ஆம் போர்ட்டையே அடைத்துவிடுகிறார்கள். கணினி புதிதாக இருந்தாலும் இதே கதைதான். அதனால் 587ஆம் போர்ட் வழியாக, கடவுச்சொல் கொடுத்து, நற்பெயருள்ள இன்னொரு வழங்கியிடம் மடலை ஒப்படைக்கிறோம். அதற்குத்தான் பெயர் வேண்டும்.

இப்படி வாங்கிக் கடத்துவதை ஆங்கிலத்தில் ரிலே என்கிறார்கள். ரிலேவுக்கு ‘அஞ்சல்’ என்றே சொல்லலாம், வானொலியில் டெல்லி ஒலிபரப்பை வாங்கித் தரும்போது ‘டெல்லி அஞ்சல்’ என்று சொல்லவில்லையா? ஆனால் ‘அஞ்சல் அஞ்சல் வழங்கி’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். ‘கைமாற்று வழங்கி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கைமாற்று என்றதும் யாருக்கும் கடன்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘தூது வழங்கி’. தான் போகமுடியாத இடத்துக்கு அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் அனுப்பிய மரபு நம்முடையது, இங்கே நடப்பதும் அதேதான். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “வீட்டு வழங்கி, வெளிச்செல்லும் மடல்களைத் தூது வழங்கியிடம் ஒப்படைக்கும். எஸ்பிஎஃப் பதிவில் தூது வழங்கியையும் சேர்க்கவும்.” (எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் மடல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு அனுமதி என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு.) எங்கும் இடறவில்லை.

தூதரகம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்லலாம், வரட்டும். ‘தூதஞ்சல்’ என்று சுருக்குவதற்கு மட்டும் ஒப்பமாட்டேன், அது மடலுக்குப் பெயராகிவிடும், இயந்திரத்துக்கு ஆகாது.