லினோவில் செதுக்கினால் படுவான்கரை கிழக்கே போய்விடுகிறது!

கல்லடிக்காரி:
இரண்டு மாதமாக வீட்டில் லினோ, அதாவது செதுக்கி மை பூசி அச்செடுக்கிற மெத்தென்ற தகடு, செதுக்கிப் பழகுகிறேன். மண்முனையில் 2014இல் பாலம் திறப்பதற்கு முன்னால் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் பாதையில்தான், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில்தான், போவோம், சனம், சைக்கிள், தயிர்ச் சட்டி எல்லாம் ஒன்றாக ஏறும், அதைத்தான் செதுக்கினேன். வடக்கே பார்த்தபடி, இடது பக்கம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை, வலது பக்கம் கடல் பக்கத்து எழுவான்கரை, பொழுது சாயும் நேரம். அச்செடுத்தால் எல்லாம் கிறுகிவிட்டது. அண்ணா பார்த்துவிட்டு "என்னடி, சூரியன் கடலுக்குள்ள மறையுது" என்று சிரிக்கிறார். கறுப்பும் திட்டுத்திட்டாக விழுகிறது. இன்னொன்று, பாடும் மீனும் கல்லடிப் பாலமும் இல்லாமல் இது மட்டக்களப்பு என்று ஆருக்காவது விளங்குமா?

வாவிக்கரையான்:
தங்கச்சி, நான் முதல் தகட்டில் ஊர்ப் பெயரையே தலைகீழாக அச்சடித்தவன், அதனால் கவலைப்படாதே. மெல்லிய தாளில் மைப்பென்சிலால் இல்லை, மெதுவான கரிப்பென்சிலால் வரைந்து, அந்தப் பக்கத்தை லினோவில் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தேய். படம் தானாகவே திரும்பி விழும், அச்சில் நேராக வரும். செதுக்குமுன் ஒருக்கால் கண்ணாடியில் பிடித்தும் பார். மறுகா, உளி போகும் வழியில் மற்றக் கை இருக்கக்கூடாது. என் இடது கட்டைவிரலில் அதற்கு ஒரு தழும்பு உண்டு.

மருதமுனைத் தம்பி:
அக்கா, திட்டு விழுவதற்குக் காரணம் அழுத்தம் போதாது, இல்லாவிட்டால் மை குறைவு. ரோலரை மையில் உருட்டும்போது "சர்ர்" என்று மெல்லச் சத்தம் வரும், அதுதான் அளவு. மெல்லிய தாளை வைத்து அகப்பையின் முதுகால் வட்டமாகத் தேயுங்க, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்க, விழாத இடத்தில் திரும்பத் தேய்க்கலாம்.

பாடும் மீன் வேண்டாம் என்றுதான் நான் சொல்லுவேன். அதை ஆர் கண்டது, கேட்டவர்கள்தானே இருக்கிறார்கள்! எங்கட வாப்பா தறியில் நெய்த சாரனின் கோடுகளை மட்டும் நான் செதுக்கினேன், ஊர்க்காரன் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான். உங்கட தயிர்ச் சட்டி போதும்.

வாவிக்கரையான்:
ஓம், அது சரி. இன்னும் ஒன்று, லினோவில் நீ செதுக்கி எடுப்பதுதான் வெளிச்சம், மிச்சமெல்லாம் கறுப்பு. பொழுது சாயும் நேரத்தை விட்டுவிட்டு இருட்டிய பிறகு திரும்பி வந்த பயணத்தைச் செதுக்கிப் பாரேன், ஒரு லாம்பு, நாலு முகம், அவ்வளவுதான் வெட்ட வேண்டிவரும்.

கல்லடிக்காரி:
அண்ணா, திரும்பி வரும்போது நான் அம்மாவின் மடியில் நித்திரை. லாம்பு எந்தப் பக்கம் தொங்கினது என்று அவவிடம்தான் கேட்கவேண்டும். தயிர்ச் சட்டியை உறியில் கட்டினதா, ஓலைப் பெட்டியில் வைத்ததா என்றும்.