தாயெதிர்ப்பா, வேற்றெதிர்ப்பா?

வணக்கம் ஐயா,

ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) பிள்ளைக்குக் குறைந்துபோகும் ‘நியோநேட்டல் அல்லோஇம்யூன் த்ராம்போசைட்டோபீனியா’ என்ற நோய்க்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் நேற்று முன்வைத்த ‘தாயெதிர்ப்புத் தட்டணுக்குறை’யைப் படித்ததும், இது தாய் எதிர்ப்பதா தாயை எதிர்ப்பதா என்றுதான் முதலில் குழம்பினேன். மது எதிர்ப்பு, இந்தி எதிர்ப்பு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இரண்டாவது பொருள்தான் சட்டென்று வருகிறது.

‘தட்டணு’வில் எனக்குச் சண்டை இல்லை. டெங்கு வந்த வீட்டில் பிளேட்லெட் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள், ஆனாலும் நாளிதழில் தட்டணு என்று போட்டால் புரிந்துகொள்கிறார்கள். ‘குருதிச் சிறுதட்டு’ம் நல்ல சொல்தான், முன்னும் பின்னும் இரண்டு சொல் ஒட்டினால் மூச்சு முட்டிவிடும்.

சிக்கல் முன்பாதியில். இந்த நோயில், அப்பாவிடமிருந்து வந்த ஓர் அடையாளம் பிள்ளையின் தட்டணு மேல் இருக்கிறது, அம்மாவிடம் அது இல்லை. அப்படிப்பட்ட அடையாளங்களில் மேல்நாடுகளில் அதிகம் பேசப்படும் எச்பிஏ-1ஏ வகையில், ஒரு புரதத்தின் 33ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்பதுதான் மொத்த வித்தியாசமே. அதற்கே அம்மாவின் உடல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தயாரித்து, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் தட்டணுக்களை அழிக்கிறது. அம்மாவின் ரத்தம் நெகட்டிவ், பிள்ளையுடையது பாசிட்டிவ் என்று வரும் ஆர்எச் பிரச்சினையில் தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், இங்கே தலைப்பிள்ளைக்கே வரலாம்.

ஆனால் அம்மாவுக்கே தட்டணு குறையும் நோய் ஒன்று இருக்கிறதே, அங்கேயும் அவருடைய எதிர்ப்பொருள்தான் பிள்ளைக்குப் போகிறது. அங்கே அது அம்மாவின் தட்டணுவையும் சேர்த்துத் தாக்கும், இங்கே அம்மாவின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ‘தாயெதிர்ப்பு’ இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. மருத்துவமும் வேறு. இந்த நோயில், பொருத்தமான கொடையாளர் கிடைக்காவிட்டால் அம்மாவின் தட்டணுவையே எடுத்து, எதிர்ப்பொருள் போகக் கழுவி, பிள்ளைக்கு ஏற்றுவதுண்டு. அவரிடம்தான் அந்த அடையாளம் கிடையாதே!

‘அல்லோஇம்யூன்’ என்பதற்கு இந்த உரையாடலில் தங்கை ஒருவர் சொன்ன ‘அயலெதிர்ப்பு’ அழகு. ஆனால் பன்றியின் இதய வால்வை மனிதருக்குப் பொருத்துவது பற்றி எழுதும்போது அயல் தேவைப்படும், அதைச் செலவழித்துவிட வேண்டாம். ‘மாற்று’ என்றால் மாற்று மருத்துவம் நினைவுக்கு வருகிறது. கிரேக்க ‘அல்லோ’வுக்கு வேறு, பிறிது என்று பொருள். இங்கே அது அதே இனத்தில் இன்னொருவருடையதைக் குறிக்கிறது. அதற்கு ‘வேற்று’ கச்சிதம் என்பேன். வேற்றூர்க்காரரும் மனிதர்தானே, நம் ஊர் இல்லை, அவ்வளவுதான். தன்னை எதிர்ப்பது தன்னெதிர்ப்பு, வேற்றை எதிர்ப்பது வேற்றெதிர்ப்பு. உங்கள் சொல்லில் இடித்த அந்த ‘ஐ’ உருபுப் பொருள் இங்கே நமக்கு உதவுகிறது, பாருங்கள்.

அடுத்தது ‘குறை’. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன், காரணம் சொந்த அனுபவம். என் அக்கா மகனுக்குப் பிறந்த இரண்டாம் நாள் வயிற்றிலும் தொடையிலும் கடுகைவிடச் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. குதிகாலில் குத்திய இடத்தில் வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தால் 22,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. தட்டணு ஏற்றினார்கள், பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அது வேறு கதை. அன்றைக்கு ஒரு தாளில் ‘தாயின் எதிர்ப்பால் வந்த குறை’ என்று யாரோ நல்ல எண்ணத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்த மாமியார், “உன் ரத்தமே பிள்ளைக்கு ஆகலையாமே, பிள்ளைக்கு என்ன குறை வச்சிருக்கே?” என்று கேட்டுவிட்டார். பச்சை உடம்புக்காரி, பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குறை வேண்டாம் ஐயா, ‘குறைவு’ என்றே போடுவோம். எண்ணிக்கைதான் குறைவு, பிள்ளையில் குறை இல்லை.

‘நியோநேட்டல்’ என்பதற்காகப் ‘பச்சிளம்’ என்ற அடையும் தேவையில்லை என்று நினைக்கிறேன். இது வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது, பெரிய பயமான மூளை இரத்தக்கசிவுகூடப் பிறப்பதற்கு முன்பே நேரலாம். ‘சேய்’ இரண்டு பக்கமும் பொருந்தும்.

ஆக என் பரிந்துரை: சேய் வேற்றெதிர்ப்புத் தட்டணுக் குறைவு. வகைப்படுத்தும் இடத்தில் இது. வீட்டாருக்குக் கொடுக்கும் தாளில் ‘தாய்சேய்த் தட்டணுப் பொருந்தாமை’ என்று எழுதலாம். ரத்தப் பொருத்தம் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு, யார்மேலும் பழி விழாது. ‘ஒவ்வாமை’ என்று மட்டும் போடாதீர்கள், கத்தரிக்காய் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள்.

‘தட்டணுக் குறைவு’ சேர்த்து எழுத வேண்டுமா, பிரித்தா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதன்படி பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.