டிராகுலா உண்மையிலேயே ஓர் அரசரா? படத்தில் எது வரலாறு?

ஜெலுத்தோங் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு மழை விடாமல் கொட்டியதால், அக்காள் மகனோடு வீட்டிலேயே உட்கார்ந்து, 2014-இல் வெளிவந்த 'டிராகுலா அன்டோல்ட்' படத்தைப் பார்த்தேன். துருக்கிய சுல்தான் ஆயிரம் சிறுவர்களையும் இளவரசன் விளாடின் சொந்த மகனையும் திறையாகக் கேட்கிறான். வேறு வழி தெரியாத விளாட், மலைக்குகையில் அடைபட்டிருக்கும் பழைய இரத்தக்காட்டேரியிடம் போய், அதன் இரத்தத்தைக் குடித்து வல்லமை பெறுகிறான். மூன்று நாள் மனித இரத்தத்தைத் தொடாமல் தாக்குப்பிடித்தால் மறுபடியும் மனிதனாகிவிடலாம் என்பது நிபந்தனை.

படம் முடிந்ததும் பையன், "மாமா, இந்த ராஜா உண்மையில் இருந்தவரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் சுல்தானைக் கொன்றதும் உண்மைதானா?" என்று அடுத்த கேள்வி வந்தது, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் இரத்தம் குடித்தார் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஆயர் ஈத்தாம்:

உங்கள் மருமகனின் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. படத்தின் இறுதியில் வெள்ளிக்காசுகள் இறைந்துகிடக்கும் கூடாரத்துக்குள் விளாடின் கையால் மாண்டுபோகும் இரண்டாம் மெஹ்மது, 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த அதே சுல்தான். அவர் இறந்தது 1481-இல். விளாடோ 1476-ஆம் ஆண்டு முடிந்து அடுத்த ஆண்டு பிறக்கும் தறுவாயிலேயே போரில் கொல்லப்பட்டுவிட்டார். முந்திப் போனவர் விளாட்தான்.

அவர் ஆண்ட நாடும் படத்தில் சொல்வதுபோல் டிரான்சில்வேனியா அன்று. அதற்குத் தெற்கே, இன்றைய ருமேனியாவில் அடங்கிய வலாக்கியா. தந்தை இரண்டாம் விளாட், 1431-இல் அங்கேரி மன்னர் சிகிஸ்மண்டின் டிராகன் வீரர் அணியில் சேர்ந்ததால் 'டிராகுல்' எனப்பட்டார்; அவருடைய மகன் என்ற பொருளில்தான் 'டிராகுலா' என்ற பெயர். சிறுவயதில் தம்பி ராதுவோடு துருக்கிய அரண்மனையில் பிணையாக வைக்கப்பட்டார் என்பது உண்மை. பிற்காலத்தில் திறை கட்ட மறுத்ததும் உண்மை. 1462-இன் தொடக்கத்தில் டான்யூப் ஆற்றங்கரை ஊர்களை எரித்துவிட்டு, கொல்லப்பட்டவர்கள் 23,884 பேர் என்று கணக்குப்பிள்ளையைப்போல் எண்ணி அங்கேரி மன்னருக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஒற்றை எண் படத்தின் வௌவால் கூட்டத்தைவிட எனக்கு அதிக நடுக்கம் தருகிறது.

இரத்தம் குடித்தார் என்பதற்காக அவர் பெயர் வாங்கவில்லை, கழுவேற்றியதற்காக வாங்கினார். ருமேனிய மொழியில் அவருக்கு ஒட்டிக்கொண்ட 'ட்செபெஷ்' என்ற பட்டப்பெயருக்கே கழுவேற்றுபவர் என்றுதான் பொருள். மதுரையில் சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதையைப் பெரியபுராணத்தில் படித்த நமக்குக் கழுமரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1462-இல் மெஹ்மது படையோடு தலைநகர் திர்கோவிஷ்டேவை நெருங்கியபோது, வழியில் இருபதாயிரம் பேர் கழுவில் நின்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் கால்கோகொண்டிலெஸ் எழுதுகிறார். எண்ணாயிரத்தைப் போலவே இருபதாயிரத்தையும் யாரும் நின்று எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்; ஆனால் கழுமரங்கள் நின்றன என்பதில் ஐயமில்லை.

இரத்தக்காட்டேரி வந்து சேர்ந்தது நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஐரிஷ் எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர், விட்பி என்ற கடற்கரை ஊரின் நூலகத்தில், வலாக்கியா பற்றிய 1820-ஆம் ஆண்டுப் புத்தகமொன்றில் இந்தப் பெயரைக் கண்டெடுத்து, 1897-இல் வெளிவந்த தம் நாவலின் பிரபுவுக்குச் சூட்டினார். அவர் டிரான்சில்வேனியாவில் காலடி வைத்தவரே அல்லர்.

செந்தூல்காரி:

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றையும் மறுக்க என்னால் முடியாது. இருந்தாலும், வரலாற்றுப் பிழைகளை எண்ணிக்கொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளையைக் கொடு என்று கேட்கும் வல்லரசின் முன்னே ஒரு தகப்பன் எதுவரை போவான் என்பதுதான் படம். கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து சாகக் கிடக்கும் மனைவி, தன் இரத்தத்தையே குடித்து மகனைக் காப்பாற்றும்படி கணவனிடம் சொல்லும் இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

என் குறை வேறு. கூடவே பிணையாகப் போன தம்பி ராது, துருக்கியரோடு ஒட்டிக்கொண்டு, 1462-இல் அவர்கள் துணையோடு அண்ணனைத் துரத்திவிட்டு அரியணை ஏறினார். பங்காளிச் சண்டையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? படத்தில் ராது என்ற ஆளே இல்லை. சுல்தானையே உடன்வளர்ந்தவனாகக் காட்டி அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

மெர்போக் பக்கத்துக்காரன்:

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ருமேனியா வரை போய்விட்டீர்களே! வானம் தெளிந்திருக்கும் நாளில் பட்டர்வொர்த் பக்கம் வந்து வடக்கே பார்த்தால் தெரியும் ஜெராய் மலையடியிலேயே இரத்தம் குடித்த ராஜா ஒருவர் இருக்கிறார்.

நாம் கடாரம் என்று சொல்லும் கெடாவின் பழங்கதைகளைத் தொகுத்த 'ஹிக்காயாத் மெரோங் மகாவங்சா'வில் வரும் ராஜா பெர்சியோங், அதாவது கோரைப்பல் ராஜா, அவர்தான். அரண்மனைச் சமையல்காரி கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறாள்; இரத்தம் குழம்பில் சொட்டிவிடுகிறது. வேறு குழம்பு வைக்க நேரமில்லை. அதையே கொண்டுபோய் வைக்கிறாள். ராஜா சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு மட்டும் இந்தக் கீரைக்கு இவ்வளவு ருசி எப்படி வந்தது என்று விடாமல் கேட்டு மிரட்ட, அவள் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்கிறாள். அன்று தொடங்குகிறது வினை. முதலில் மரண தண்டனைக் கைதிகளின் இரத்தம், பிறகு அகப்பட்டவர்களின் இரத்தம் என்று போகப் போக, வாயில் கோரைப்பல் முளைக்கிறது. அரசியும் அமைச்சர்களும் ஒன்றுசேர்ந்து அவரை விரட்டிவிடுகிறார்கள். ஓடிப்போனவர் தம் பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங் என்று ஊர்க்கதை சொல்லும். மலாயில் 'பாலிங்' என்றால் எறிதல். ஒளிந்திருந்த காலத்தில் அவருக்குப் பிறந்த மகனை யானை தேடிப்போய் அரசனாகத் தேர்ந்தெடுக்கிறது என்று கதை தொடரும்போது, கரிகாலன் நினைவு வராமல் இருக்காது.

இதுவும் 1968-இல் 'ராஜா பெர்சியோங்' என்று மலாய்ப் படமாக வந்தது. கதை எழுதியவர், அப்போது பிரதமராக இருந்தவரும் கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்தவருமான துங்கு அப்துல் ரஹ்மான். இயக்கியவர் ஜமில் சூலோங்.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புரியும். விளாட் தம் கையால் செய்த கொடுமையை எடுத்துப் படம் ஒரு குகைப் பேயின் தலையில் கட்டிவிட்டது. அவர் பாவம், நாட்டுக்காகப் பல் வளர்த்த தியாகி. கடாரத்துக் கதையில் பேயே கிடையாது. ராஜாவுக்கு ருசி பிடித்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அங்கே அமைச்சர்களுக்கு அவரைத் துரத்தும் துணிவு வருகிறது.

செந்தூல்காரி:

தியாகி என்று கேலி செய்தாலும் என் அழுகையைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் கீரைக் குழம்பின் கதையை இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை; நன்றி அண்ணன்.

ஜெலுத்தோங் வாசகன்:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அப்படியே பையனுக்கு வாசித்துக் காட்டினேன். 23,884 என்ற எண்ணைக் கேட்டதும், கடிதம் எழுதுவதற்கு முன் அத்தனை பேரையும் யார் உட்கார்ந்து எண்ணியது என்று கேட்டான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பள்ளி விடுமுறையில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் அப்படியே பாலிங்குக்கும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு தவறு செய்துவிட்டேன். ராஜா பெர்சியோங் கதையை இன்று மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். அக்காள் அன்றைக்குப் பார்த்துச் சிவப்புக் கீரை வைத்திருந்தார். பையன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். ஏச்சு முழுவதும் எனக்குத்தான்.